பல்பு சிமிட்டாத நேரம்

வலது தோளில் இருந்த வலி அன்று காலையில் கழுத்துக்கு ஏறியிருந்தது. சிவசங்கரி பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் தலையைத் திருப்ப முடியாது, உடம்பையே திருப்ப வேண்டும். பல் விளக்க இடது கை, அடுப்பிலிருந்து குண்டானை இறக்க இடது கை. வலது கையை இடுப்புக்கு மேல் தூக்கினால் தோளுக்குள் யாரோ கோணி ஊசி விட்டுத் தைப்பது போல இருந்தது.

வலி சும்மா வந்துவிடவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட வருஷத்திலிருந்து நகரியில் பவர்லூம் கொட்டகைகளில் தார் சுற்றியவள். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் நூல் சுற்றிய ஒரு குச்சி இருக்கும், அதுதான் தார். குச்சி நிறைந்தால் கழற்ற வேண்டும், காலிக் குச்சியை மாட்ட வேண்டும், நூல் அறுந்தால் எட்டிப் பிடித்து முடிய வேண்டும். நாள் முழுக்கக் கை தோளுக்கு மேலேயே நிற்கும். புத்தூர் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வேலைய விடு, இல்லன்னா இந்தக் கைய விடு," என்றார். வேலையை விட்டால் எதைத் துன்னுவது என்று அவள் கேட்கவில்லை. அதற்கு அவரிடம் மாத்திரை கிடையாது.

அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் திருப்பதி வேலை. சாமி பார்க்க வருகிறவர்களுக்கு லாட்ஜ் ரூமும் வண்டியும் பிடித்துத் தருகிற ஒரு சின்னக் கம்பெனி. போன் எடுத்துப் பேச ஆள் வேண்டும், தமிழும் தெலுங்கும் தெரிய வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம். நகரியில் பிறந்தவளுக்கு இரண்டு பாஷையையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னறை ஜன்னலில் பழைய மெத்தையை அடைத்து, ஹெட்போனை மாட்டி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் கொட்டகையின் தறிச் சத்தம் மெத்தையைத் தாண்டியும் வரும். அங்கே மழையா என்று கஸ்டமர்கள் கேட்பார்கள். ஆமா சார், நல்ல மழை, ஏ.சி. ரூம் வேணாமே, சாதா ரூமே போடட்டுமா என்பாள்.

நடுநடுவே இப்படி முறுக்கிக்கொண்டாலும் தோள் மெல்ல ஆறிக்கொண்டு வந்தது. அதற்குள் இன்டர்நெட் லைன் கெட்டது.

வலி கழுத்துக்கு ஏறிய அந்த வியாழக்கிழமைதான் கல்பனா அவளைத் திருப்பதிக்கு வரச் சொன்னாள். இவளுடைய குழுவுக்கு மேற்பார்வை கல்பனாதான். தெலுங்குக்காரி, தமிழும் நன்றாகவே பேசுவாள், பாரு என்பதற்குச் சூடு, இல்லையா என்பதற்குக் காதா என்று நடுநடுவே தெலுங்கு விழும். புத்தூர் வரைக்கும் பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போன சிவசங்கரி, ஆபீஸ் படியேறும்போதே முடிவு செய்துவிட்டாள், நல்ல செய்தி சொல்ல யாரும் நேரில் கூப்பிட மாட்டார்கள் என்று.

கல்பனா திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"இங்க சூடு, சிவா. ரெண்டு செவப்பு. மொத செவப்பு, லைன்ல லேட்டு. உங்க வீட்ல யாராச்சும் சினிமா எறக்கினாப் போதும், உன் கொரலு கெணத்துல விழுந்த மாதிரி வருது. ரெண்டாவது செவப்பு உன் ரௌட்டரு. அதுல இருக்கிற சாப்ட்வேர் பழசு. கஸ்டமரோட ஆதார், கார்டு நம்பரு எல்லாம் உன் வழியா வருது காதா. ஓட்ட ரௌட்டர் வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க."

"சினிமா எறக்குறது யாரோ இல்ல மேடம், எங்க வூட்டுக்காரருதான்."

"அவர டெலீட் பண்ண முடியாது. ரௌட்டர மாத்து."

ரௌட்டரை மாற்றுவது அவ்வளவு லேசில்லை. ஆபீஸ் ஒத்துக்கொள்கிற மாடல் நகரியிலும் கிடையாது, அப்போதே போய் அவள் ஏறி இறங்கிய திருப்பதிக் கடைகளிலும் கிடையாது. ஆர்டர் போட்டால் அடுத்த வாரம். ஆபீஸ் அவள் லைனைச் சோதிக்கிற டெஸ்ட் சனிக்கிழமை மூன்று மணிக்கு. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவது முறையும் சிவப்பு வந்தால் அவளுடைய ஐ.டி. தானாக மூடிக்கொள்ளும். கல்பனா நினைத்தாலும் திறக்க முடியாது. மூடிவிட்டால் திங்கட்கிழமை காலையில் மறுபடி தார் சுற்றப் போக வேண்டியதுதான், இதே தோளை வைத்துக்கொண்டு.

வெறுங்கையோடு ஆபீசுக்குத் திரும்பி வந்து, லைன் கொடுத்த கேபிள்காரன் ரமணாவுக்குப் போன் போட்டு, டப்பாவுக்குப் புது சாப்ட்வேர் உண்டா என்றாள். "அப்டேட்டா? அந்த டப்பா செஞ்ச கம்பெனியே மூடிட்டானுங்க சங்கரி. செத்தவன் வந்து அப்டேட்டு குடுப்பானா?" என்று வைத்துவிட்டான்.

கல்பனா கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். அப்புறம் டப்பாவின் அடியில் என்ன மாடல் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சிவசங்கரியின் போனில் படம் இருந்தது. கல்பனா அந்த எழுத்துகளை ஒரு பட்டியலில் தட்டிப் பார்த்தாள்.

"ஓபன் டபிள்யூ.ஆர்.டி.ன்னு ஒண்ணு இருக்கு. ஒலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதி சும்மா குடுக்கிற சாப்ட்வேர். கம்பெனி செத்தாலும் டப்பா சாவ வேணாம்னு. உன் டப்பா லிஸ்ட்ல இருக்கு. இத ஏத்துனா ரெண்டு செவப்பும் பச்சையாவும். ஆனா ஏத்தும்போது தப்பாச்சுன்னா டப்பா செங்கல்லு, எதுக்கும் ஆவாது. அதுக்கு ஆபீஸ் பொறுப்பு இல்ல, நானும் இல்ல."

திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வழி நெடுக அவள் போனில் அந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டு வந்தாள். இங்கிலீஷ் தடுக்கியது. தடுக்கின இடத்தில் நின்று, வார்த்தையைத் தனியாகத் தட்டிப் பார்த்து, மறுபடி கிளம்பினாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் தன் நாத்தனாரின் பழைய லேப்டாப்பை வாங்கி வந்து அந்த சாப்ட்வேர்க் கோப்பை இறக்கினாள். கோப்பு முழுசாக வந்ததா என்று சரிபார்க்க ஒரு நீளமான எண் வரிசை கொடுத்திருந்தார்கள். கடைசி எழுத்து வரை விரல் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் புருஷன் பிரபாகர் கிண்ணத்தில் பழைய சோறோடு பின்னறை வாசலில் வந்து நின்றான். அவன் தறி ரிப்பேர் செய்கிற மெக்கானிக். ஸ்பானர் வைக்க முடியாத எந்த மெஷினையும் அவன் நம்புவதில்லை.

"இன்னா, ஆபரேஷனா?"

"ஆமா. கிட்ட வராத. தும்மாத."

"பொழைக்குமா?"

"நீ வாய மூடுனா பொழைக்கும். இன்னிக்கி கரெண்ட் கட்டு கீதா மாமா?"

"மெசேஜ் ஒண்ணும் வர்லயே. சனிக்கெழம கட்டு இல்ல."

அவள் படித்த பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்த எச்சரிக்கை ஒன்றுதான்: டப்பாவுக்குள் சாப்ட்வேர் எழுதிக்கொண்டிருக்கும்போது கரெண்ட் போகக் கூடாது. அவர்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி போன கோடையில் உப்பிப்போய்ப் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தது. கட்டு இல்லை என்று புருஷனே சொல்லிவிட்டான். ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, கோப்பைக் கொடுத்து, பொத்தானை அழுத்தினாள். திரையில் நீலக் கோடு நகர்ந்தது. பாதி தாண்டியது.

பக்கத்தில் ஆதிகேசவனின் கொட்டகையில் காலை டீ முடிந்து தறிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பின. மேலே பல்பு மங்கி, மறுபடி தெளிந்தது. நீலக் கோடு நின்றது. டப்பாவில் எல்லா விளக்கும் அணைந்து, சிவப்பு ஒன்று மட்டும் சிமிட்டத் தொடங்கியது. அவள் காத்திருந்தாள். சிவப்பு சிமிட்டிக்கொண்டே இருந்தது. வயரைப் பிடுங்கிப் போட்டாள். அதே சிவப்பு.

பிரபாகர் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "செங்கல்லா?"

"செங்கல்லு."

"போவட்டும், மாடி கட்ட ஒண்ணு தேறிச்சு."

பக்கத்தில் கிடந்த துண்டை இடது கையால் சுருட்டி அவன் முகத்தில் எறிந்தாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல், அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"கோப்பு தப்பா?" என்றாள் அவள். அவனைக் கேட்கவில்லை. மறுபடி அந்த எண் வரிசையைப் பார்த்தாள். தப்பில்லை. போனை எடுத்துப் படித்தாள். இப்படிச் செங்கல்லானவர்கள் ஊருலகத்தில் ஏராளம் பேர் இருந்தார்கள். அவர்கள் எழுதியதிலிருந்து ஒன்று விளங்கியது. டப்பாவுக்குள் ஒரு சின்ன மூலை இருக்கிறது, அதன் மேல் யாரும் எழுதுவதில்லை. மற்றதெல்லாம் குழம்பிப் போனாலும் அந்த மூலை விழித்திருக்கும். பின்பக்க ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்திக்கொண்டே கரெண்ட் கொடுத்தால், அது வாயைத் திறந்து காத்திருக்கும். அப்போது லேப்டாப்பிலிருந்து வயர் வழியாகக் கோப்பை ஊட்டலாம்.

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். அவள் அழுத்த, பிரபாகர் சுவிட்சைப் போட்டான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. லேப்டாப்புக்குக் கொடுத்த நெட்வொர்க் நம்பர் தப்பு. மாற்றினாள். மறுபடி ஊக்கு, மறுபடி சுவிட்சு. அதற்கே மத்தியானச் சோற்று நேரம் ஆகிவிட்டது. நாலைந்து தடவைக்குப் பிறகு சிவப்பு படபடவென்று வேகமாக அடித்துக்கொண்டது.

"வாயத் தொறந்துச்சு மாமா."

"ஊட்டு."

கோப்பு போயிற்று. டப்பா வாங்கிக்கொண்டது, எழுதத் தொடங்கியது. இந்தத் தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை, கண்ணை டப்பா மேலேயே வைத்திருந்தாள். அதனால்தான் பார்த்தாள். சுவரில் விழுந்திருந்த பல்பு வெளிச்சம் ஒரு நொடி சுருங்கியது, அதே நொடியில் டப்பாவின் விளக்கு தடுமாறிப் பழையபடி மெதுவாகச் சிமிட்டப் போய்விட்டது. பக்கத்துக் கொட்டகையில் சோறு துன்றுவிட்டு வந்து தறியைப் போட்டிருக்கிறார்கள்.

அவள் மேலே பார்த்தாள்.

"மாமா, இப்ப பல்பு சிமிட்டுச்சா?"

"அது எப்பவும் சிமிட்டுறதுதான?"

அதுதான் விஷயம். அந்தத் தெருவில் பிறந்த குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்க்கும்போதே பல்பு சிமிட்டுவதையும் பார்த்துவிடும். தறி மோட்டார் கிளம்பினால் கரெண்ட் இறங்கும், பல்பு மங்கும், பேன் சுணங்கும். நூல் அறுந்து தறி நின்று மறுபடி கிளம்பினால் மறுபடி மங்கும். நாளெல்லாம் நடக்கிற இதை அங்கே யாரும் கரெண்ட் போனதாகக் கணக்கில் வைப்பதில்லை. ரௌட்டரும் சும்மா ஓடும்போது இதைத் தாங்கிவிடும். எழுதும்போது தாங்காது. கரெண்ட் கட்டு உண்டா என்று அவள் கேட்டாள், இல்லை என்று அவன் சொன்னான். இரண்டு பேருக்கும் தறி ஞாபகம் வரவில்லை.

"ஸ்டேஷனுக்குத் தூக்கினு போலாம்," என்றான் பிரபாகர். "பிளாட்பாரத்துல போன் சார்ஜ் போடுற பிளக்கு கீது."

"போலாம். பாதி எழுதும்போது எவனாச்சும் வந்து, தள்ளும்மா என் போன் செத்துப்போச்சுன்னு புடுங்குவான். பைக் பேட்டரி?"

"எந்த பேட்டரி? அஞ்சு மாசமா கிக்கர ஒதச்சிதான் ஓட்டினு கீறேன்."

மணி ஒன்றரை ஆகியிருந்தது. டப்பா உயிர் பிழைத்தாலும் அப்புறம் லைன் சேர்க்க வேண்டும், வேகம் திருத்த வேண்டும். ஊக்கை வளையலில் மாட்டிக்கொண்டு சிவசங்கரி எழுந்தாள்.

ஆதிகேசவனின் கொட்டகையில் எட்டுத் தறி. உள்ளே போனால் பேச முடியாது. அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், மீதிக்குக் கை. அவள் வாசலில் நின்று உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கிக் காட்டினாள். தறியை நிறுத்து என்று அர்த்தம். ஆதிகேசவன் தலையில் ஒட்டின பஞ்சைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"நிறுத்தணுமா? எத்தினி தறி?"

"எல்லாம்ணா."

"யாரு செத்தது?"

"யாரும் சாவல. எங்க ரௌட்டருதான் இழுத்துக்கினு கீது."

அவர் பிரபாகரைப் பார்த்தார், பொண்டாட்டிக்கு ஜுரமா என்று கேட்பது போல. அவள் விஷயத்தைச் சொன்னாள். எழுதுவது, சிமிட்டுவது, மூன்று மணி டெஸ்ட். அவர் முழுசாகக் கேட்டார்.

"அமாவாசைக்கி எப்படியும் தறி போட மாட்டோம். அன்னிக்கி பண்ணிக்கம்மா."

"அமாவாசைக்கி நான் உன் கொட்டாயில தார் சுத்திக்கினு இருப்பேன். டெஸ்ட்டு இன்னிக்கி."

"இவனுங்க மீட்டர் கணக்குல கூலி வாங்கறவனுங்க. நின்னா இவனுங்களுக்கு நீ குடுப்பியா?"

"காசு கெடையாதுண்ணா. ஒரு நாள் வந்து தார் சுத்தித் தரேன். எட்டுத் தறிக்கும்."

அவர் அவள் தோளைப் பார்த்தார். அந்தத் தோளைப் பற்றித் தெருவில் தெரியாதவர் கிடையாது.

"அந்தக் கைய வச்சிக்கினா?"

"எடக் கை கீதே."

"எடக் கையில சுத்துனா நூலு கோணும்."

"கோணாம சுத்தறேன். எனக்கு சுத்தத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாத."

அதை அவரால் சொல்ல முடியவில்லை. அவருடைய தறிகளுக்கு அவள் பல வருஷம் சுற்றியிருக்கிறாள்.

"சரி. பசங்க ஒரு பீடி புடிக்கிற நேரம். அதுக்கு மேல ஆச்சுன்னா நானே வந்து உன் டப்பாவ ஒடச்சிருவேன். ஆனா கேட்டுக்கோ, நான் மட்டும் நிறுத்துனா போதாது. அந்தப் பக்கம் கிருஷ்ணம்மா ரெண்டு தறி ஓட்டுது, அதுக்கப்புறம் வரிசையா கீது. எல்லாம் ஒரே கரெண்ட் லைனு."

"நான் போய்ச் சொல்றேன்," என்று பிரபாகர் ஓடினான். அவள் வீட்டுக்கு ஓடினாள்.

லேப்டாப் தயாராக இருந்தது. டப்பாவை மடியில் வைத்து ஊக்கை ஓட்டையில் விட்டாள். பக்கத்துக் கொட்டகையில் தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. சுவரில் இருந்த அதிர்வு போயிற்று. கடைசித் தறியும் நின்றதும் காது அடைத்தது போல இருந்தது. இடது கையால் சுவிட்சைத் தட்டினாள். சிவப்பு வேகமாக அடித்துக்கொண்டது. கோப்பை அனுப்பினாள். டப்பா வாங்கிக்கொண்டு எழுதத் தொடங்கியது. கிருஷ்ணம்மாவின் தறிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டினாள். பிரபாகர் இந்நேரம் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டான்.

சத்தம் இல்லை. அதுவும் நின்றிருந்தது. அதற்கு அடுத்ததும் நின்றது. அடுத்தடுத்து, தெருக்கோடி வரைக்கும், தறிகள் தாமாகவே அடங்கிக்கொண்டு போயின.

பிரபாகர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லவே இல்ல. நான் போறதுக்குள்ள எல்லாரும் நிறுத்திட்டாங்க."

"ஏன்?"

"ஏன்னா பட்டப்பகல்ல ஆதிகேசவன் கொட்டாயி நின்னா இன்னா அர்த்தம்? சாவுன்னுதான் அர்த்தம். நான் வேற ஓடினனா, நம்ம வூட்டுலதான்னு எல்லாரும் இங்க வந்துகினு கீறாங்க."

அவன் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் செருப்புகள் கழன்றன. அந்தத் தெருவில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிற வரைக்கும் தறி ஓடாது. முதலில் துண்டைத் தோளில் போட்ட நாலு பேர் வந்தார்கள். "யாருப்பா?" என்று மெல்லக் கேட்டார்கள். "யாரும் இல்லப்பா," என்றான் பிரபாகர். அவன் துக்கத்தில் பேச முடியாமல் இருக்கிறான் என்று எண்ணி ஒருவர் அவன் முதுகைத் தடவினார்.

பின்னாலேயே கிருஷ்ணம்மா வந்தாள். கையில் ஒரு சாமந்தி மாலை. அவள் வீட்டு வாசலிலேயே ஒருத்தி பூக்கடை போட்டிருக்கிறாள். தறியை நிறுத்தின கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வாசப்படியிலேயே மார்பில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கியவள், பின்னறைக்குள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சிவசங்கரியைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"ஏன்டி, நீ உசிரோட கீற?"

"இருக்கட்டுமா அத்தே?"

"தோளு வலி முத்திப்போயி நீதான் பூட்டேன்னு வழியெல்லாம் சொல்லிக்கினு வந்தேனே. அப்ப யாருதான் செத்தது?"

"இதுதான்." டப்பாவைக் காட்டினாள். "இன்னும் முழுசா சாவல. யாரும் போயி தறியப் போட்டுடாதீங்க. உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன். கொஞ்ச நேரம் நான் செத்துப்போன மாதிரியே நெனச்சிக்கோங்க."

பிரபாகர் தறி பாஷையில் விளக்கினான்: நெடுக்கு இழையான பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருக்கிறோம், இப்போது யாராவது மோட்டாரைப் போட்டால் எல்லா இழையும் அறுந்துபோகும். அது எல்லாருக்கும் புரிந்தது. திட்டிக்கொண்டு திரும்பிப் போவார்கள் என்று அவள் நினைத்தாள். ஒருவரும் போகவில்லை. வந்ததுதான் வந்தோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கிருஷ்ணம்மா மாலையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் சம்மணம் போட்டாள்.

"இன்னா கலரு வரணும்டி?"

"பச்ச. சிமிட்டாத பச்ச."

சிவப்பு சிமிட்டியது. அத்தனை கண்ணும் அந்த மிளகளவு விளக்கின் மேல் இருந்தது. வெளியே காக்காய் கத்துவது கேட்டது. அந்தத் தெருவில் பகலில் காக்காய்ச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. மேலே பல்பு ஆணி அடித்தது போல ஒரே வெளிச்சமாக நின்றது. சிவப்பு அணைந்தது.

"பூட்ச்சா?" என்றாள் கிருஷ்ணம்மா.

சிவசங்கரி ஊக்கை மறுபடி ஓட்டையருகே கொண்டுபோனாள். பிறகு பச்சை வந்தது. இரண்டு முறை சிமிட்டியது, மெதுவாகச் சிமிட்டியது, நின்றுவிட்டது. ஆடாமல் அசையாமல் நின்ற பச்சை.

லேப்டாப்பில் முகவரியைத் தட்டினாள். பழைய கம்பெனியின் விளம்பரப் பக்கம் வரவில்லை. புதுப் பக்கம் வந்தது, படமும் பகட்டும் இல்லாமல். நீங்கள் இன்னும் கடவுச்சொல் வைக்கவில்லை, வையுங்கள் என்றது.

"வந்துட்ச்சு மாமா," என்றாள். பிரபாகர் எழுந்து நின்று வாசலைப் பார்த்து உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து ஆட்டினான். தறியைப் போடு என்று அர்த்தம். கூட்டத்துக்குப் பின்னால் பீடியோடு நின்றிருந்த ஆதிகேசவன் போகாமல் எட்டிப் பார்த்தார். "இவ்ளோ சின்ன வெளக்குக்கா எட்டுத் தறிய நிறுத்தின?" என்றார். ஆனால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்த நேரத்தில்தான் கேபிள் ரமணா பைக்கில் வந்து இறங்கினான். சாவுச் செய்தி அவனுக்கும் போயிருந்தது. கனெக்‌ஷனை இனி யார் பேரில் மாற்றுவது என்று கேட்க வந்திருந்தான்.

"என் பேருலயே இருக்கட்டும் ரமணாண்ணா," என்றாள் சிவசங்கரி. "புது சாப்ட்வேரு லைன் பாஸ்வேர்ட கேக்குது, அத மட்டும் சொல்லு."

"அதெல்லாம் கஸ்டமருக்குக் குடுக்கறதில்ல சங்கரி."

"குடுடா," என்றாள் கிருஷ்ணம்மா. "மாலையோட வந்து கீறேன், யாருக்காச்சும் போட்டாவணும்."

ரமணா கொடுத்தான். அவள் தட்டிய முதல் தடவையே லைன் பிடித்தது. பக்கத்தில் தறிகள் முழுசாக ஓடத் தொடங்கிவிட்டன, பல்பு சிமிட்டியது, பச்சை அசையவில்லை. இன்னொரு சின்ன மென்பொருளை இறக்கி ஏற்றினாள். லைனின் உண்மையான வேகத்தைக் கேட்டது. ரமணா பில்லில் போடுகிற வேகத்தை அவள் எழுதவில்லை. அளந்து பார்த்தாள், அளந்ததில் கொஞ்சம் குறைத்து எழுதினாள். ரமணா வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அந்த மென்பொருள் செய்வது ஒன்றுதான். பெரிய மூட்டைக்காரன் வழியை அடைக்காமல் தள்ளி நிறுத்தி, கையில் ஒரு சீட்டோடு வருகிறவனை முதலில் விடும். சினிமா மூட்டை. அவள் குரல் சீட்டு.

மூன்று மணிக்கு ஹெட்போனை மாட்டினாள்.

"மாமா, சினிமா எறக்கு."

"இப்பவா? டெஸ்ட்டு நடக்கும்போதா?"

"இப்பதான். உன் போன்லயும் எறக்கு, டி.வி.லயும் போடு. அத்தே, உன் போனக் குடு, அதுலயும் ஒண்ணு போடறேன்."

கல்பனா திருப்பதியிலிருந்து லைனைத் தட்டினாள். கோடுகள் ஏறின, இறங்கின. பிரபாகர் வாசலில் நின்று, தன் சினிமாதான் தன் பொண்டாட்டியின் வேலைக்கு உலை வைக்கப் போகிறது என்று நகத்தைக் கடித்தான்.

"சிவா."

"மேடம்."

"ரெண்டும் பச்ச. டிலே கீழ போயிருக்கு. இங்க ஆபீஸ் லைன்லயே இந்த நம்பர் வராது. வீட்ல யாரும் நெட்டு யூஸ் பண்ணலியா?"

"மூணு சினிமா ஓடிக்கினு கீது மேடம்."

"அபத்தம் சொல்லாத."

"வேணும்னா பேரு சொல்றேன். இன்னா பேரு மாமா?"

கல்பனா சிரித்தாள். திங்கட்கிழமை காலை ஷிப்டு அவள் பேரில் போட்டிருப்பதாகச் சொன்னாள். இன்னும் இரண்டு பெண்களுக்கு இதே சிவப்பு வந்திருக்கிறது, ஒருத்தி சித்தூர், ஒருத்தி பங்காருபாளையம், அவர்களுக்கு நீ சொல்லிக் கொடுப்பாயா என்று கேட்டாள். சொல்லித் தருகிறேன், ஆனால் முதலில் பக்கத்தில் என்ன மோட்டார் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள் என்றாள் சிவசங்கரி. ஹெட்போனைக் கழற்றி வைத்தபோது அவளுக்குப் பசி தெரிந்தது. காலையிலிருந்து ஒன்றும் துன்றிருக்கவில்லை. குண்டானோடு சோற்றை எடுத்து வைத்துக்கொண்டு, குழம்பை அதிலேயே ஊற்றிப் பிசைந்து, இடது கையால் அள்ளி அள்ளித் துன்றாள்.

வெளியே கிருஷ்ணம்மா பூக்கடைக்காரியோடு சண்டை போடுவது கேட்டது. பிணம் இல்லையாம், மாலையைத் திருப்பி எடுத்துக்கோ என்கிறாள். சாவுக்கு வாங்கின மாலையை எவள் எடுப்பாள் என்கிறாள் பூக்காரி. பாதித் தெரு அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. வழியெல்லாம் செத்துப்போனவளாகச் சொல்லப்பட்டவள் ஏப்பம் விட்டாள்.

திங்கட்கிழமை அவள் நாற்பதுக்கும் மேல் போன் எடுத்தாள். ஒருவரும் ஹலோ ஹலோ என்று கத்தவில்லை. டப்பா அன்றிலிருந்து இன்று வரை ஒரு நாளும் நிற்கவில்லை. அதன் புதுப் பதிப்பு வந்ததும் அதையும் ஏற்றினாள், அமாவாசையில், தறி ஓடாத நேரம் பார்த்து. தோளில் வலி கழுத்திலிருந்து இறங்கிவிட்டது, ஆனால் கையைத் தலைக்கு மேல் தூக்க இன்னும் முடியவில்லை. ஆதிகேசவன் வழியில் பார்த்தால் லைன் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறார். அவருடைய எட்டுத் தறிக்கு ஒரு நாள் தார் சுற்றித் தருவதாக அவள் சொன்ன வார்த்தை அப்படியே நிற்கிறது. அந்த ஒரு நாள் வேலையை அவள் அவருக்குத் தர வேண்டும், இன்னும் தரவில்லை.